அரண்மனையும் செக்கும்

வரலாற்றுத் திரைப்படம் என்றவுடன் முடியும் வாளும் பட்டாடையுமே மக்கள் கண்முன் வந்து நிற்கின்றன. இவை ஒரு காலத்தின் உடையே அன்றி உள்ளம் ஆகா. அக்கால மக்கள் எதற்கு அஞ்சினர், எதன்பொருட்டுத் துணிந்தனர் என்பதைக் காட்டாத படம், எத்துணைப் பொருட்செலவில் எடுக்கப்பெற்றதாயினும், பழங்காலத்தைக் காட்டியதாகாது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இலும், ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961-இலும் வெளிவந்தன. இரண்டையும் இயக்கியவர் பி. ஆர். பந்துலு, இரண்டிலும் நடித்தவர் சிவாசி கணேசன். எனினும் இரண்டிற்கும் இடையில் உள்ள தொலைவு பெரிது.

1798-இல் தண்டலர் சாக்சனைக் காணக் கட்டபொம்மன் குற்றாலம் தொடங்கி ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டான். இராமநாதபுரத்தில் நின்றவாறே வரி நிலுவைக்கு விடையிறுக்க வேண்டியிருந்தது. அந்நிற்றலின் மானக்கேடும், கைகலப்பில் முடிந்த பதற்றமுமே அந்நாளின் உணர்வு. படமோ அதனை மேடைச் சொற்போராக்கிற்று. கேட்டவர் நெஞ்சம் கொதித்தது உண்மை, ஆனால் அது 1959-இன் கொதிப்பு, 1798-இன் நெஞ்சன்று. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ மண்ணால் ஆயது. 1801-இல் ஊமைத்துரையும் மக்களும் மீண்டும் எழுப்பிய அம் மண்சுவர், ஆங்கிலேயர் குண்டுகளுக்கு ஈடுகொடுத்து நின்றது. அம் மண்ணின் பெருமையைத் திரையின் அரண்மனைப் பகட்டு மறைத்துவிட்டது.

பின்வந்த படம் அத்தகையதன்று. 1906-இல் கப்பல் நிறுவனம் கண்டு, 1908-இல் சிறைபுகுந்து, செக்கிழுத்த சிதம்பரனாரின் வரலாறு அது. 1912-இல் அவர் விடுதலையாகும் காட்சியில் கூட்டமில்லை, முழக்கமில்லை, தொழுநோயுற்ற சுப்பிரமணிய சிவாவே காத்து நிற்கின்றார். தனக்காக உழைத்தவனை ஒரு குமுகாயம் மறந்துவிட்ட அமைதி அங்கே பேசுகின்றது. அவ்வமைதியே அக்காலத்தின் உள்ளம்.

மக்கள் செய்தது என்ன? முன்னதைக் கொண்டாடினர், பின்னது பொருளிழப்பில் முடிந்தது. 1912-இல் சிறைவாயிலுக்கு வராத மக்கள் 1961-இல் திரையரங்கிற்கும் வரவில்லை!

எழுச்சியூட்டினாற் போதாதா எனச் சிலர் வினவுவர். உண்மையறியாத எழுச்சி திரை விழும்போதே தானும் விழுந்துவிடும். முன்னோர் பட்ட பாட்டை உணர்ந்தவனே அவர் விட்ட பணியைத் தொடர்வான். இன்று கணினியால் எத்துணைக் கோட்டைகளையும் எழுப்பிக் காட்டலாம். செக்கின் சுமையைப் பார்ப்பவன் தோளில் ஏற்றிவைக்கும் படமே வரலாற்றுப் படம். அத்தகைய படம் வருங்கால், அரங்கை நிரப்ப வேண்டிய கடன் தமிழர்க்கு உண்டு.