பெயர்ப்பலகைக்கு முன் பதிவு எண்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, லிங்கராஜபுரத்திலிருந்து வரும் ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்து ஒரு வண்ணத்தாளைக் காண்பித்தார். 'ஒருங்கிணைந்த மருத்துவத்தில் ஓராண்டு டிப்ளமா. முடித்தவுடன் பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், சொந்தமாகக் கிளினிக் நடத்தலாம்' என்று அதில் அச்சிட்டிருந்தது. அவருடைய மகள் நீட் எழுதியவள். எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. "பிரதர், சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். முன்பணம் கட்டச் சொல்லுகிறார்கள். கட்டலாமா?" என்று கேட்டார்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே. இதை முடித்தால் எந்த மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் உங்கள் மகளின் பெயர் ஏறும்?

அவருக்கு விடை தெரியவில்லை. அந்தத் தாளிலும் இல்லை. இந்த மாதம் இதைப்பற்றியே எழுதவேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன்.

'ஒருங்கிணைந்த மருத்துவம்' என்ற சொல் இப்பொழுது பெங்களூரில் எங்கும் காணப்படுகிறது. அது பொய்யான சொல் அல்ல. நம்முடைய நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலேயே அந்தப் பெயரில் ஒரு துறை இயங்குகிறது. அங்கே ஆயுர்வேத, யோகா மருத்துவர்கள் மனநல மருத்துவர்களோடும் நரம்பியல் மருத்துவர்களோடும் சேர்ந்து பணிபுரிகிறார்கள். அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டு அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வெயில் இதற்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ஆனால் முதலில் அங்கே சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவராகத் தேறியவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருங்கிணைப்பு என்பது மருத்துவரான பின் செய்யும் காரியம். மருத்துவராவதற்கான குறுக்குவழி அல்ல. புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.பி.எஸ்.ஸையும் பி.ஏ.எம்.எஸ்.ஸையும் இணைத்து ஒரே படிப்பாகக் கொண்டுவரும் எண்ணத்தை 2025-இல் மத்திய ஆயுஷ் அமைச்சர் அறிவித்தார். இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. அதை நம்பி ஓராண்டைக் கழித்துவிடாதீர்கள்.

அந்த வண்ணத்தாளின் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. அங்கீகாரம் பெறாத மருத்துவ முறைகளில் பட்டமோ டிப்ளமாவோ வழங்கக்கூடாது என்றும், 'டாக்டர்' என்ற சொல்லை அங்கீகரிக்கப்பட்ட முறைகளைச் சேர்ந்தவர்களே பயன்படுத்தவேண்டும் என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று ஆணை பிறப்பித்தது. தவிர, கர்நாடகத்தில் கிளினிக் திறப்பதற்கு 2007-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். கவுன்சில் பதிவு இல்லாதவர் அங்கே எதைக் காட்டுவார்?

சரி, முறையான வழி எது? ஆயுர்வேதத்திற்கு பி.ஏ.எம்.எஸ்., ஓமியோபதிக்கு பி.எச்.எம்.எஸ்., சித்தாவுக்கு பி.எஸ்.எம்.எஸ்., யுனானிக்கு பி.யு.எம்.எஸ். இந்த நான்கிற்கும் நீட் கட்டாயம். நாலரை ஆண்டு படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டுகள். இயற்கை மருத்துவம், யோகா அடங்கிய பி.என்.ஒய்.எஸ். படிப்பும் ஐந்தரை ஆண்டுகளே. ஆனால் கர்நாடகத்தில் அதற்குச் சேர்க்கை கே.இ.ஏ. நடத்தும் பொது நுழைவுத்தேர்வின் வழியாக நடந்து வருகிறது. 1989-இல் உஜிரேயில் தொடங்கிய எஸ்.டி.எம். கல்லூரி இப்படிப்பில் பெயர் பெற்றது. ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள்: 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்திற்குள் இயற்கை மருத்துவம் வரவில்லை. அதன் பதிவு அந்தந்த மாநிலத்தின் ஏற்பாட்டைப் பொறுத்தது. பின்னாளில் ஊருக்கே திரும்பி மருத்துவம் செய்ய நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்கவேண்டும்.

சித்தாவைப்பற்றி ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ தமிழை ஒரு பாடமாகப் படிக்காதவர்கள் பி.எஸ்.எம்.எஸ். முதலாண்டில் தமிழ் படித்தாகவேண்டும். இங்கே ஆங்கில வழியில் படித்து, கன்னடத்தை மொழிப்பாடமாக எடுத்த நம் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். வீட்டில் தமிழ் வேதாகமத்தைச் சத்தமாய் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. பழைய நடையும் பழைய சொல்லும் அதற்குப் புதிதல்ல.

இனி, பலர் என்னிடம் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி. "யோகா இருக்கிறதே, நம் பிள்ளை சேரலாமா?" இதில் உங்கள் சபைப் போதகரின் ஆலோசனையைக் கேளுங்கள், நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பாடத்திட்டத்தைப்பற்றி மட்டும் சொல்லுகிறேன். பி.என்.ஒய்.எஸ்.ஸில் அது பெயரிலேயே இருக்கிறது. ஆயுர்வேதத்தில் 'ஸ்வஸ்தவிருத்தம்' என்னும் பாடத்தோடு யோகாவும் சேர்ந்தே வருகிறது; ஓமியோபதியின் புதிய பாடத்திட்டத்திலும் யோகா உண்டு. எனவே பாடத்திட்டத்தைக் கையில் வைத்து, கட்டணம் கட்டுவதற்கு முன்னே மனச்சாட்சியோடு முடிவு செய்யுங்கள். சேர்ந்த பிறகு செய்முறை வகுப்பில் மூலையில் நிற்கும் மாணவி படிப்பிலும் மகிழ்வதில்லை, மனதிலும் சமாதானம் பெறுவதில்லை.

படித்து முடித்தபின் என்ன எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். பம்பாயில் 1992-ஆம் ஆண்டு காய்ச்சல் கண்ட ஒருவருக்கு ஓமியோபதி படித்த மருத்துவர் ஆங்கில மருந்துகளைக் கொடுத்தார். நோயாளி மரித்தார். மனைவி தொடுத்த வழக்கில், பூனம் வர்மா வழக்கு என்று அது வழங்கும், 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தான் படிக்காத முறையில் சிகிச்சை செய்ததே கவனக்குறைவு என்றும், மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. சில மாநில அரசுகள் ஆணைகள் மூலம் ஓரளவு அனுமதி அளித்திருப்பது உண்மை. ஆனால் அது மாநிலத்திற்கு மாநிலம் மாறும். மருந்துக்கடைக்காரர் கேட்கிறார், நோயாளி வற்புறுத்துகிறார் என்பதற்காக எழுதிக்கொடுத்தால், நாளை நீதிமன்றத்தில் நிற்பவர் நீங்களே.

இன்னொன்று, மூலிகை என்றால் தீங்கில்லை என்று எண்ணாதீர்கள். இருமலுக்கு நாம் வாயில் அடக்கும் அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமாக, நீண்ட நாள் உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். பொட்டாசியம் சத்தைக் குறைக்கும். சிறுநீரைப் பெருக்கும் அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது இரட்டிப்பு ஆபத்து. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதாவது இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆகவே நோயாளியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதே. இன்சுலினையோ காசநோய் மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. ஜெபித்துவிட்டேன், இனி மாத்திரை வேண்டாம் என்று நம் சபையார் ஒருவர் உங்களிடம் வந்தாலும், அவரை அந்த மருந்தை எழுதிய மருத்துவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

வேலையைப்பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயுர்வேத மருத்துவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குச் சமமான ஊதியம் கோரமுடியாது என்று குஜராத் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் கூறியது. 2025-இல் இந்தப் பணி நிபந்தனைகள் குறித்த கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இந்த நிலையை அறிந்தே சேருங்கள். ஆனால் பெங்களூரில் கிளினிக் ஒன்றே வழி அல்ல. கனகபுரா சாலையில் மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எலஹங்காவுக்கு அருகில் டி.டி.யு. பல்கலைக்கழகமும், மாகடி சாலைப் பக்கம் தேசிய யுனானி நிறுவனமும் உள்ளன. ஹிமாலயா போன்ற மருந்து நிறுவனங்களும் இங்கே உண்டு. ஆராய்ச்சி, மருந்துத் தரச் சோதனை, பக்கவிளைவுக் கண்காணிப்பு ஆகிய பணிகளுக்குப் புள்ளியியலும் நல்ல ஆங்கில எழுத்தும் வேண்டும். கல்லூரியில் இருக்கும்போதே இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்கு ஏ.ஐ.ஏ.பி.ஜி.இ.டி. தேர்வு உண்டு. நோயாளியோடு பேசக் கன்னடம் இல்லாமல் இங்கே ஒரு நாளும் ஓடாது.

நம்மைப்போல் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் மதிப்பெண்ணில் அல்ல, காகிதத்தில். கர்நாடக அரசு ஒதுக்கீட்டுக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரையில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் இம்மாநிலத்தில் படித்து, பத்தாம் வகுப்பையோ பி.யு.சி.யையோ இங்கே தேறியிருப்பது பொதுவான தகுதி. தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க நினைத்தால் இருப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் தேவைப்படும். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாக வாசியுங்கள். அங்குள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு உரியது. நம் பிள்ளைகள் அதை எண்ணிக் கணக்குப் போடவேண்டாம்.

அந்தத் தகப்பனார் மறு வாரம் வந்தார். ஏஜெண்டிடம் என் கேள்வியைக் கேட்டாராம். "கவுன்சில் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்ததாம். சீட்டுப் பணம் வீட்டிலேயே இருக்கிறது. மகள் ஐந்தாம் வகுப்புவரை திருநெல்வேலிப் பக்கம் படித்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே. விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். சரியாக ஏழு ஆண்டு வந்தது. அவள் படித்த இரண்டு பள்ளிகளில் ஒன்று இப்போது மூடப்பட்டிருக்கிறது. அதன் படிப்புச் சான்றிதழுக்காகக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கு இந்த வாரம் இருவரும் போயிருக்கிறார்கள்.