லாங் வீக்கெண்டும் கன அடிக் கணக்கும்

தொடர் விடுமுறை வருகிறது என்பது பென்னாகரம் கடைவீதிக்குக் காலண்டரைப் பார்க்காமலே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் கர்நாடகப் பதிவெண் கார்களும் பைக்குகளும் வரிசைகட்டி வந்து ஒகேனக்கல் சாலையில் திரும்புகின்றன. வந்தவர்களில் பாதிப்பேர் பெங்களூரில் படிக்கும் பிள்ளைகள். தண்ணீர் பாட்டில், சிப்ஸ், போன் சார்ஜர் வாங்க ஐந்து நிமிடம் நிற்பார்கள். ஒருவர் மலையாளத்தில் பேசுவார், இன்னொருவர் இந்தியில் பதில் சொல்வார். அடுத்த நிமிடம் வண்டி கிளம்பிவிடும்.

‘எல்லாம் ஊர் சுத்துற கூட்டம்’ என்று டீக்கடையில் சொல்வதுண்டு. சுற்றத்தான் வருகிறார்கள், அதில் தப்பென்ன? குவாஹாட்டியிலிருந்தோ இம்பாலிலிருந்தோ பெங்களூருக்குப் படிக்க வந்தவருக்கு மூன்று நாள் லீவு பயணத்திலேயே தீர்ந்துவிடும். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கோ பேச்சே வேண்டாம். ஊருக்குப் போக முடியாத நான்கு பேர் ஒன்றுசேர்ந்து பணம் போட்டு, எட்டும் தூரத்தில் ஓர் இடத்தைத் தேடுகிறார்கள். படிக்க வந்த நாட்டை அவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

நம் பிள்ளைகள் மியூனிக்கிலும் மான்செஸ்டரிலும் செய்வதும் இதுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மகன் ஏதோ கோட்டை முன்னால் நிற்பதைப் பார்த்ததும், ‘படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?’ என்று இங்கே அப்பாவுக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் நியாயமும் உண்டு. ஜெர்மனியில் மாணவர் விசாவுக்கு ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனும் முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகையே 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. அதில் கடன் வாங்கிய பணமும் இருக்கும். ஆனால் அந்தப் போட்டோவுக்கு ஆன செலவைக் கேட்டால் அப்பா சற்று அடங்குவார்.

2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு 9 யூரோ மாதச் சீட்டு விட்டுப் பார்த்தது ஜெர்மனி. 2023 மே முதல் தேதியிலிருந்து 49 யூரோவுக்கு நாடு முழுதும் நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. 2025-ல் அது 58 யூரோ ஆனது, 2026-ல் 63. இதில் சேர்ந்துகொண்ட பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் 60 சதவீதம் கொடுத்தால் போதும். அதிவேக ரயிலில் செல்லாது. மாணவருக்கு அவசரமும் இல்லை. சீட்டு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பவேரியா மாநிலத்தின் ஒருநாள் குழுச் சீட்டில் ஐந்து பேர் வரை ஏறிக்கொள்ளலாம், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை அதுவே போதும். கையில் டப்பாவில் புளிசாதம் இருந்தால் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

படுக்கைக்கும் அங்கே ஒரு கதை இருக்கிறது. 1909-ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். லீவில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளில் ஏன் பிள்ளைகளைத் தங்கவைக்கக் கூடாது என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி திறந்தது.

ஒகேனக்கல்லுக்கு வரும் மாணவருக்கு இவற்றைவிட முதலில் தேவைப்படுவது ஒரு தகவல். குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளை நிரப்பி, உபரியாகக் காவிரியில் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியே இங்கே வருகிறது. அந்த நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று தமிழ்ப் பத்திரிகைகள் அன்றாடம் அச்சிடுகின்றன. வரத்து கூடினால் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. 2024 ஜூலைக் கடைசியில் அது விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. உள்ளூர்க்காரர் பேப்பரைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். பெங்களூரு விடுதியில் இருக்கும் மணிப்பூர் மாணவி எந்தப் பேப்பரைப் பார்ப்பார்?

தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆகஸ்ட் 15 வருகிறது. 2025-ல் அது வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. தடை இருப்பது தெரியாமல் இவ்வளவு தூரம் வந்தவர்கள் சும்மா திரும்ப மனம் வராமல், காவல் இல்லாத கரையாகத் தேடி இறங்குகிறார்கள். பாறை வழுக்கும், சுழல் மேலே தெரியாது. இப்படித்தான் உயிர்கள் போகின்றன. ‘ஆழமான பகுதி, இறங்காதீர்’ என்ற பலகையை ஆற்றோரத்தில் வைப்பது சரிதான், ஆனால் அதற்குள் வண்டி 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்திருக்கும். ஓசூர் பேருந்து நிலையத்திலும் பெங்களூரு கல்லூரி விடுதிகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் வெள்ளிக்கிழமை காலையிலேயே கன்னடம், இந்தி, ஆங்கிலத்தில் அன்றைய கன அடியும் ‘பரிசல் உண்டா, இல்லையா’ என்பதும் போய்ச் சேர வேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கு இதில் பெரிய செலவு கிடையாது.

ஒகேனக்கல்லில் பிழைப்பவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. கட்லாவோ ரோகுவோ வாங்கி வந்தால், கூலிக்கு மசாலா தடவி வறுத்தோ குழம்பு வைத்தோ தரும் பெண்கள், எண்ணெய் மசாஜ் செய்பவர்கள், பரிசல் ஓட்டிகள் என எல்லோருக்கும் தடை நாளில் வருமானம் படுத்துவிடுகிறது. ஆனால் அருவியில் குளிக்க முடியாதென்று முன்கூட்டியே தெரிந்து வருபவர், வந்த பின் ஏமாந்தவரைப் போல முகம் சுளிக்கமாட்டார். உட்கார்ந்து மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

அப்படி வருபவருக்கு பென்னாகரம் வட்டத்தில் பார்க்க இன்னும் இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் 1925-ல் மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதா ஆலயத்துக்கு 1923-ல் அடிக்கல் நாட்டியவர் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். கொல்கத்தா மாணவர் ஒருவர் அதைக் கேட்டால் வண்டியை நிறுத்தாமல் போவாரா? பெங்களூரு–சேலம் ரயிலில் வந்து தருமபுரியில் இறங்கினால் நகரப் பேருந்து இருக்கிறது. அதில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணமில்லை, எந்த மாநிலம் என்று கேட்பதுமில்லை. கர்நாடகத்தின் சக்தி திட்டமோ அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். இரவு தங்க, லீவில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்ட அரசு மாணவர் விடுதிகளில் சில அறைகளைக் குறைந்த வாடகைக்கு, கல்லூரி அடையாள அட்டை பார்த்துத் தரலாம். பாய், தலையணை, காவலுக்கு ஒருவர் இருந்தால் போதும். 2026-ல் அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை வருகிறது. ஒரு விடுதியில் அன்றைக்கே தொடங்கிப் பார்க்கலாம்.