விளையாட்டில் மனதை வாசிக்கலாமா?



இரண்டு கிழமையாகப் பெற்றோர் சிலர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சேர், சனிக்கிழமை புள்ளைங்க விளையாடுற கதை விளையாட்டுல மனசை வாசிக்கிற சக்தியெல்லாம் வருதாமே, அது சரியா?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிடப் பொதுவாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

தெரியாதவர்களுக்காக முதலில் விளையாட்டைச் சொல்கிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், வைத்தியச்சி, வழிகாட்டி. எடுத்த காரியம் பலிக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகைக்கு முன்னோடி. 1976இல் அதில் மனோசக்தியைச் சேர்த்தார்கள். 1978இல் வந்த விதிப் புத்தகத்தில் அதைப் பின்னிணைப்பாக வைத்து, விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். விளையாடுகிறவர்களே இன்றும் இதில் இரண்டு கட்சிதான். அவர்களுடைய கவலை கதையைப் பற்றியது. கள்வனைக் கண்டுபிடிக்க வேண்டிய கதையில் ஒருவன் எல்லார் மனதையும் வாசித்துவிட்டால் மற்ற நாலு பேருக்கும் என்ன வேலை?

நம் வீடுகளில் உள்ள தயக்கம் வேறு. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது என்பது நம் ஈமான். அதில் பிள்ளைகள் விளையாட்டுக் காட்டலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. தாயக்கட்டை கூடாது என்று உலமாக்கள் சொல்வதால் அதை விட்டுவிட்டோம். 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம். காசும் இல்லை, பந்தயமும் இல்லை. ஆனால் மனதை வாசிக்கும் பாத்திரத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

வேஷம் வேறு, ஆள் வேறு என்பது மலையகத்துக்குப் புதிதல்ல. மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. சிவன் மன்மதனை எரிக்கிறார், ரதி அழுகிறாள், பார்ப்பவர்களும் கண்ணைத் துடைக்கிறார்கள். கூத்து முடிந்ததும் மன்மதன் வேஷம் கட்டியவர் பழையபடி கவ்வாத்து வெட்டப் போகிறார். நம் பிள்ளைகளுக்கும் அந்த வித்தியாசம் விளங்கும்.

விளங்காமல் நிற்பது பல நேரம் பெரியவர்கள்தான். எங்களிடம் படித்த ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. வெற்றிலையில் மை போட்டுப் பார்த்த ஒருவர் செய்வினை என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் லயத்திலேயே வைத்திருந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரு சமயத்தாரின் பழக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லித் தகட்டுக்கும் தாயத்துக்கும் காசு வாங்குகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காசு என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். ஆபிரகாம் கோவூர், கேரளத்தில் பிறந்து இங்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு வேறு பாடசாலைகளிலும் படிப்பித்த ஆசிரியர். 1963இல் ஒரு சவால் விட்டார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபா நோட்டின் இலக்கத்தைச் சொல்வது போன்ற காரியங்களில் ஒன்றை, ஏமாற்ற வழியில்லாத நிலையில் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபா தருவதாகச் சொன்னார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அவர் கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். அதில் நமக்கும் அவருக்கும் உடன்பாடில்லை. ஆனால் "செய்து காட்டு" என்று கேட்ட அந்தக் கேள்வியை நம் பிள்ளைகளும் கேட்கப் பழக வேண்டும்.

எங்கள் விளையாட்டில் மனதை வாசிப்பதற்கு மூன்று விதிகள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். வாசித்த பிறகு அந்தப் பாத்திரம் களைத்துவிடும். துண்டு 12க்குக் கீழே வந்தால் பலிக்காது. ஆகவே அந்தச் சக்தி அடிக்கடி தோற்கிறது, பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். ஒருபோதும் தோற்காத சக்தி தன்னிடம் இருப்பதாக நாளைக்கு ஒருவர் வந்து சொன்னால், "எப்படி?" என்று இவர்கள் கேட்பார்கள். அதுதான் எங்கள் எதிர்பார்ப்பு.

இன்னொரு விதி ஒரு மாணவியால் வந்தது. இன்னொரு பையன் அவளுடைய பாத்திரத்தின் மனதை வாசிக்கப்போக, "கேக்காம என் மனசுக்குள்ள வர நீ யாரு?" என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கே எழுதினோம்: கூட விளையாடுகிறவரின் மனதை அவர் அனுமதி இல்லாமல் வாசிக்கக் கூடாது. பிறர் விஷயத்தைத் துருவிப் பார்க்க வேண்டாம் என்று அல்ஹுஜுராத் சூரா நமக்குக் கற்பிப்பதும் இதைத்தான். நண்பியின் போனைத் திறந்து பார்ப்பதும், தங்கச்சியின் கொப்பியை எடுத்து வாசிப்பதும் இதே குற்றம் என்று அன்று பேசினோம். இந்தப் பேச்சு வகுப்பறைப் பாடத்தில் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் விருப்பமில்லாத பெற்றோர் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைக்கு வேறு பாத்திரம் கொடுப்போம். ஆனால் முடிவெடுக்க முன் ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பாருங்கள். துண்டு குலுக்கும் டின்னை உங்கள் கையிலேயே தருகிறோம்.