எண்பது சென்னுக்கு இருபத்தாறு ஆண்டு

பெறுநர்: நிதியமைச்சு, பேங்க் நெகாரா, மலேசியப் பங்குப் பத்திர ஆணையம், கூட்டுறவு ஆணையம்
அனுப்புநர்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் சங்கம்
பொருள்: பட்டியலிடப்படாத பொதுப் பங்குகளுக்கும் கூட்டுறவுச் சேமிப்புக்கும் சட்டப் பாதுகாப்பு கோருதல்

லயத்து வீடுகளில் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தால், பிறப்புப் பத்திரத்துக்கும் அடகுச் சீட்டுக்கும் நடுவே, மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின், மடிப்பில் கிழிந்த பங்குப் பத்திரம் கிடைப்பதுண்டு. 1984இல் நாடெங்கும் சுமார் 66,000 இந்தியர்கள், நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும், 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் அதில் போட்டார்கள். பங்கு ஒன்று ஒரு ரிங்கிட். 2010இல் தனியார் நிறுவனம் ஒன்று வாங்க முன்வந்த விலை 80 சென். அதற்குள் மலையில் தேயிலைச் செடிகள் எத்தனை கவாத்து கண்டிருக்கும்!

யார் மேல் குற்றம் என்பதை இம்மனு கிளறவில்லை. இடையில் விற்க நினைத்தவருக்கு ஏன் வழியில்லை என்பதே சங்கத்தின் கேள்வி. மைக்கா பங்குச் சந்தையில் ஏறவே இல்லை. ஆகவே அன்றாட விலையும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. பங்குப் பத்திர ஆணையமே 1993இல்தான் பிறந்தது. 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டம், பொதுமக்களிடம் பணம் திரட்டுமுன் விளக்க அறிக்கை கேட்கிறது. நல்லதுதான். ஆனால் விடியலில் பெரட்டுக்கு நிற்பவர் அந்தத் தடித்த அறிக்கையில் எந்தப் பக்கத்தைப் படிப்பார்? பணம் உள்ளே போகும் வாசலில் காவல் பலம். வெளியே வரும் வாசலைச் சிறு பங்குதாரர் தாமே தேட வேண்டியிருக்கிறது.

எனவே, ஆயிரக்கணக்கான சிறு பங்குதாரர்களைக் கொண்ட, பட்டியலிடப்படாத பொது நிறுவனம் எதுவும் ஆண்டுதோறும் சுயேச்சையான மதிப்பீட்டாளரைக் கொண்டு பங்கின் விலையை அறிவிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது விலக விரும்புவோரின் பங்கைத் திரும்ப வாங்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் நிறுவனம் முடங்குமே என்பார்கள். உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கூட்டுறவுச் சேமிப்பு. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தால்தான் ‘கூட்டுறவு’ என்ற சொல்லுக்குத் தோட்டங்களில் மரியாதை. அதே சொல்லை நம்பிய ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு, 1986இல் 24 கூட்டுறவுகள் முடக்கப்பட்டபோது மாட்டிக்கொண்டது. இன்று உறுப்பு வங்கியில் போட்ட பணத்துக்கு 250,000 ரிங்கிட் வரை மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் (பிஐடிஎம்) காப்புறுதி உண்டு. கூட்டுறவில் போட்டதற்கு அது கிடையாது. இந்த வேறுபாட்டை நீக்க வேண்டும்.

வங்கிக்கு ஓர் அலுவலகம், பங்குக்கு ஒன்று, கூட்டுறவுக்கு ஒன்று. கையிலிருக்கும் ரசீது எதைச் சேர்ந்தது என்பதே தெரியாதவர் எந்தக் கதவைத் தட்டுவது? மலையிலுள்ள தானா ராத்தா நகரில் மாதம் ஒருநாள், தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் எந்தத் தாளானாலும் வாங்கிப் பார்த்து, அது எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறாக இருந்தால் டின்னோடு வருவார்கள்.