ஓனோவை எனக்குப் பிடிக்கவில்லை

இந்த நாவலை இரண்டு முறை பாதியில் மூடி வைத்தேன். கதை சொல்லும் கிழவரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் தாத்தா சயாம் மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பியவர். ஜப்பானின் போருக்கு ஆதரவாகப் படம் வரைந்த ஒருவரின் பெருமைப் பேச்சை நான் ஏன் உட்கார்ந்து கேட்க வேண்டும்?

கசுவோ இஷிகுரோவின் 'அன் ஆர்ட்டிஸ்ட் ஆஃப் தி ஃப்ளோட்டிங் வேர்ல்ட்' (1986) அது. பேசுபவர் மசுஜி ஓனோ, ஓய்வுபெற்ற ஓவியர். கதை 1948இல் தொடங்குகிறது. மனைவியும் மகனும் போரில் இறந்துவிட்டார்கள். இளைய மகள் நோரிகோவுக்கு வரன் பார்க்கிறார். முந்தைய வருடம் கூடி வந்த சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். நம் வீடுகளில் இப்படி நடந்தால் என்ன சொல்வோம்? ஓனோவும் அதையேதான் சொல்கிறார்: நம் அந்தஸ்துக்கு ஈடாக முடியாதென்று அவர்களே ஒதுங்கிவிட்டார்கள்.

மூன்றாம் முறை, அவர் சொல்வதை அப்படியே நம்பாமல், எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துக்கொண்டே படித்தேன். பிறர் பேச்சைச் சொல்லிவிட்டு, சரியாக இதே வார்த்தைகள்தானா என்று தெரியவில்லை என்பார். அந்தப் பேச்சு அவரைப் புகழ்வதாக இருந்தால் இன்னும் உஷாராக வேண்டும்! குரோடா என்ற மாணவனின் கதை துண்டு துண்டாகத்தான் வருகிறது. அவனைப் பற்றி அதிகாரிகளிடம் சொன்னவரே ஓனோதான். கொஞ்சம் புத்தி சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான் என்கிறார். அவன் வீட்டுக்கு அவர் போய்ச் சேரும்போது படங்கள் எரியும் வாடை வருகிறது.

பிறகு புது மாப்பிள்ளை வீட்டார் முன்னால், யாரும் கேட்காமலே தம் தவறுகளை ஒப்புக்கொள்கிறார். அதிலும் ஒரு பெருமை. ஆனால் அவர் எதற்காக அப்படிப் பேசினார் என்றே அவர்களுக்குப் புரியவில்லை என்று மூத்த மகள் பின்னால் சொல்கிறாள். தவறு செய்தாலும் அது பெரிய மனிதரின் தவறாக இருக்க வேண்டும் அவருக்கு. எனக்கு அவர்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது அங்கேதான்.

புத்தகத்தை முடித்த இரவு, அண்ணனும் நானும் பேசாமல் போன கதையை மனைவியிடம் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்தான் பாதிப் பேச்சில் போனை வைத்தார் என்றேன்.

"அன்னிக்குப் போனை வெச்சது நீங்க," என்றாள். "நான் பக்கத்துலதானே இருந்தேன்."