கெச்சிக்கன் வானுக்குத் தனி விதி வேண்டும்

அலாஸ்காவின் தென்கிழக்கு மூலையில், கனடிய எல்லையை ஒட்டிக் கிடக்கும் மிஸ்டி ஃபியர்ட்ஸ் தேசிய நினைவிடப் பகுதிக்குச் சாலை கிடையாது. கெச்சிக்கன் நகரிலிருந்து அங்கே செல்ல விரும்புவோருக்குப் படகு ஒரு வழி. சக்கரங்களுக்குப் பதில் மிதவைகள் பூட்டப்பெற்று, நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் கடல்விமானம் மற்றொரு வழி. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அறிவிப்பாலும் 1980-இன் அலாஸ்கா நிலப் பாதுகாப்புச் சட்டத்தாலும் காக்கப்பட்ட இந்த நிலம் ஏறத்தாழ 23 லட்சம் ஏக்கர் பரப்புடையது.

மலையைப் பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகள் அரைத்துக் குடைந்த பள்ளத்தாக்குகளில், பனி உருகிய பின் கடல் புகுந்து நிற்பதையே ஃபியர்ட் என்பர். பஞ்ச்போல் கோவ் என்னும் குடாவில் கருங்கல் சுவர் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி செங்குத்தாக உயர்கிறது. பெம் கால்வாயின் நடுவே, பழைய எரிமலையின் குழாயில் இறுகிப்போன பாறைக்குழம்பின் எச்சமாகத் தனித்து நிற்கும் நியூ எடிஸ்டோன் பாறைக்கு 1793-இல் கடலாய்வாளர் ஜார்ஜ் வான்கூவர் பெயரிட்டார். படகில் செல்பவருக்குச் சுவரின் அடிவாரமே தெரியும். சுவருக்கு மேலே தங்கியிருக்கும் ஏரிகளும், அவற்றிலிருந்து வழியும் அருவிகளும், அவை சென்று சேரும் கடற்கால்களும் ஒருசேரப் புலப்பட்டு, பனி இந்நிலத்தைச் செதுக்கிய விதம் விளங்குவது வானிலிருந்து மட்டுமே. எனவே இப்பறத்தல்களையே நிறுத்திவிட வேண்டும் என்பது இத்தலையங்கத்தின் நிலைப்பாடு அன்று.

ஆனால், அருவிகளுக்கு நீர் தரும் மழைதான் விமானிகளின் கண்ணையும் மறைக்கிறது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் இவ்வட்டாரத்தில், 2015 ஜூனில் ரட்யர்ட் குடாவிலிருந்து திரும்பிய கடல்விமானம் மலையில் மோதியதில் 9 பேர் இறந்தனர். 2019 மே மாதம் ஜார்ஜ் கடற்கழிக்கு மேலே இரு சுற்றுலா விமானங்கள் மோதிக்கொண்டதில் 6 பேரும், 2021 ஆகஸ்டில் இன்னொரு விமானம் மலைச்சரிவில் விழுந்ததில் 6 பேரும் மாண்டனர். 2019 விபத்து வானிலையால் நேர்ந்தது அன்று. பார்த்து விலகிக்கொள்ளும் முறையின் குறையாலும், அருகில் வரும் விமானத்தைக் குறித்து எச்சரிக்கை எழாததாலும் நேர்ந்தது. மற்ற இரண்டிலும், கண்பார்வையை நம்பிப் பறந்த விமானி மேகத்துக்குள் தொடர்ந்து சென்றதே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது.

இவற்றை விமானியின் பிழை என்று எழுதி முடித்துவிடுவது எளிது, நேர்மையாகாது. கண்பார்வைப் பறத்தலுக்கு, அதாவது கருவிகளைச் சாராமல் நிலத்தையும் நீரையும் பார்த்தபடியே செலுத்துவதற்கு, மேகம் தாழ்ந்திருக்கும்போது இத்தகைய வாடகை விமானங்களுக்குப் பொதுவிதி கேட்கும் குறைந்தபட்சப் பார்வைத் தொலைவு 2 மைல். மணிக்கு 100 மைல் வேகத்தில் செல்லும் விமானம் அத்தொலைவை 72 விநாடிகளில் கடந்துவிடும். சமவெளியில் அது போதலாம். இருபுறமும் மலைச்சுவர் நெருக்கும் குறுகலான கடற்காலில், திரும்பிச் செல்ல இடமுண்டா என்று எண்ணுவதற்குள்ளேயே அந்த நேரம் தீர்ந்துவிடுகிறது. 2015-இல் விழுந்த விமானத்தில் மலை நெருங்குவதை உரைக்கும் எச்சரிக்கைக் கருவி இருந்தும் அதன் குரல் அடக்கப்பட்டிருந்தது. அக்கருவி எதிர்பார்க்கும் உயரத்துக்கும் கீழே பறக்கச் சட்டமே இடமளித்ததால், அது ஓயாமல் கூவும்; ஓயாமல் கூவும் கருவியை விமானிகள் அடக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய நெருக்கடி கப்பலின் கடிகாரம். சொகுசுக் கப்பல்கள் துறைமுகத்தில் சில மணி நேரமே நிற்கின்றன. பயணச் சீட்டுகளில் பெரும்பங்கு கப்பலிலேயே விற்கப்படுகிறது. பயணிகள் குறித்த நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். ஒரு நிறுவனம் பறக்க மறுத்தால் அடுத்த துறையில் நிற்கும் நிறுவனம் பறக்கிறது. 2015 விபத்தை ஆராய்ந்த வாரியம் விமானியோடு நின்றுவிடாமல், மோசமான வானிலையில் பறப்பதை மறைமுகமாக ஏற்ற நிறுவனப் பண்பாட்டையும் இவ்வட்டாரப் போட்டியின் அழுத்தத்தையும் காரணங்களாகச் சேர்த்தது மிகச் சரி.

உள்ளூர் வானிலையை அறிந்த விமானியின் அனுபவத்தை வாஷிங்டனில் எழுதப்படும் விதி மிஞ்சிவிடாது என்னும் வாதம் மதிக்கத்தக்கதே. எனினும் விதியின் பயன் விமானிக்கு வானிலையைக் கற்பிப்பதில் இல்லை. மறுக்க விரும்பும் விமானிக்குப் பின்பலமாக நிற்பதிலும், மறுத்தவரின் வாடிக்கையைத் துணிந்தவர் பறித்துக்கொள்ளாமல் தடுப்பதிலும் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளின் சுற்றுலா விமானங்களுக்கு 1994-இலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தனி விதி வகுத்து, பொதுவாக 1,500 அடிக்குக் கீழே பறக்கலாகாது என்று கட்டளையிட்டது. கெச்சிக்கனுக்கும் அவ்வாறே பொதுவிதியினும் கடுமையான வானிலை வரம்புகள் வேண்டும் என்று பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்துள்ளது. நிறுவனங்கள் தாமாக ஒப்புக்கொள்ளும் நெறிகள் இதற்கு ஈடாகா; போட்டி முற்றும் நாளில் முதலில் தளர்வது அவையே.

அப்பரிந்துரையை விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டாய விதியாக்க வேண்டும்; சுற்றுலா விமானங்கள் அனைத்திலும் அண்டையில் வரும் விமானத்தை ஒலியால் எச்சரிக்கும் கருவி இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். கப்பல் நிறுவனங்களும் தங்கள் ஒப்பந்தங்களைத் திருத்தி, வானிலையால் பறத்தல் நின்றால் பயணிக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதோடு, அந்த நாளுக்கான குறைந்தபட்சத் தொகையை விமான நிறுவனத்துக்கும் வழங்க முன்வர வேண்டும். பறக்காத நாளின் இழப்பு முழுவதும் விமானம் ஓட்டுபவர் தலையில் விழும்வரை, எந்த வரம்பையும் ஒட்டிப் பறக்கும் தூண்டுதல் நீங்காது.