எந்தக் கூட்டைக் கொளுத்துகிறீர்கள்?

"கூடு சிறிசா இருக்கும்போதே கொளுத்திடணும்." நம் ஊர்களில் யாரும் கேள்வி கேட்காத ஞானம் இது. மூங்கில் நுனியில் பழந்துணி, அதில் மண்ணெண்ணெய், ஒரு தீக்குச்சி. தெருவே வேடிக்கை பார்க்க வீரம் அரங்கேறும். எரிவது எதன் கூடு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

சன்னல் மூலையிலும் சுவிட்ச் பெட்டியிலும் மண் குழைத்து அறை கட்டுவது மண்குளவி. தனித்து வாழ்கிற பிராணி. சிலந்திகளைக் கொட்டி மயக்கி உள்ளே அடைக்கும். முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடும். காவல் நிற்பதில்லை, கூட்டை உடைத்தாலும் துரத்தி வருவதில்லை. இதில் ஓர் இனத்துக்கு 1781இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் மதராஸ்பட்டணத்தின் பெயரையே வைத்தார். அந்த அளவுக்கு ஊர்க்காரக் குளவி. மண்குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்று பாட்டிமார் அதைத் தொடவிட்டதில்லை. காரணம் பிசகு, காரியம் சரி.

கதண்டு வேறு. நாளிதழ்கள் 'விஷ வண்டு' என்று எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். மரநாரை மென்று கூழாக்கிக் காகிதம்போல் கட்டிய கூட்டுக்குள் ஒரு படையே இருக்கும். கூடு அதிர்ந்தால் மொத்தமாகக் கிளம்பும். நஞ்சின் வாடையே மற்றவற்றைக் கூப்பிடும். தேனீயைப்போல் கொடுக்கை இழப்பதில்லை, ஒன்றே பலமுறை கொட்டும். இரவில் கொளுத்தினால் ஆபத்தில்லையாம்! இரவில்தான் இரைதேடப் போனவையும் கூடு திரும்பியிருக்கும். கலைந்தால் வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். வெளிச்சம் உங்கள் கையில் இருக்கிறது. தீயணைப்பு வீரர்களும் இரவில் வருகிறார்களே என்பார்கள். வருகிறார்கள், கவச உடையோடு, லுங்கியோடு அல்ல.

மாடிக் குடியிருப்புகளின் தண்ணீர்த் தொட்டிக்கடியில் தொங்கும் மலைத்தேனீ அடைக்கும் இதே தண்டனைதான். பூக்காலம் முடிந்தால் அது தானாகவே இடம் மாறிப் போகும். எரித்தாலும் அடுத்த பருவத்தில் அதே இடத்துக்கு இன்னொரு கூட்டம் வரக்கூடும். சுவரில் கரியும், மறுபடி ஆள் தேடும் செலவுமே மிச்சம்.

எந்தக் கூட்டையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலிலோ நடைபாதை மரத்திலோ இருக்கும் கதண்டுக்கூடு போயாக வேண்டியதுதான். தீயணைப்புத் துறையின் 101க்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாரையாவது கொட்டி, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ சுண்ணாம்பு தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். அப்போது தேவை அட்ரினலின் ஊசி; அது மருத்துவமனையில் இருக்கிறது.